முதல் ஐந்து அடி

மாத்திரை அட்டையை எடுத்தது யார்? எலியாக இருக்க முடியாது. எலி பேனாப் பெட்டியைத் திறந்து, அட்டையை உருவிக்கொண்டு, மறுபடி மூடிக் கொக்கியையும் மாட்டிவிட்டுப் போகாது. வேலைக்கு வரும் இசக்கியம்மாளும் இல்லை, அவள் அலமாரி இருக்கும் அறைக்குள் துடைப்பத்தை நீட்டுவதோடு சரி. மிச்சம் இருப்பது மங்கை ஒருத்திதான், என் பெண்டாட்டி மங்கையர்க்கரசி. நாற்பத்தோரு வருஷத்தில் என் பேனாப் பெட்டியை அவள் தொட்டு நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பது வேறு, தொட்டதில்லை என்பது வேறு. காலையில் ஆறே காலுக்குப் பெட்டியைத் திறந்தால் முழு அட்டையும் இல்லை, தின்று தீர்த்த காலி அட்டைகளும் இல்லை. அவள் அடுப்படியில் இட்லிச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள், சத்தம் கேட்டது. வாய் திறந்து கேட்க முடியுமா? எந்த மாத்திரை என்பாள். எதற்கு மாத்திரை என்பாள். ஆகவே ஒன்றும் பேசாமல் இட்லியைத் தின்றேன், ஆட்டோவில் ஏறினேன், இதோ பாளையங்கோட்டையில் இந்த ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவில், ஒன்பதாம் எண் அறைக்கு எதிரே, எஃகு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கையில் இருபத்து மூன்றாம் டோக்கன். பலகையில் பதினாறு. எக்ஸ்ரே எடுத்தாயிற்று. மாத்திரை போடாமல் வந்திருக்கிறேன், இந்த இரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

இருபத்து மூன்று என்றால் இன்னும் ஏழு பேர். இருபத்தொன்று வந்ததும் நான் எழுந்துவிட வேண்டும். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது, யாருக்கும் தெரியாது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து வைக்கிற முதல் ஐந்து அடிதான் வலிக்கும். இடது தொடைக்கு நடுவே, எலும்புக்குள்ளேயே, யாரோ ஆணியை வைத்துத் திருகுகிற மாதிரி. ஐந்து அடி தாண்டினால் மெல்ல மெல்ல அடங்கிவிடும், பிறகு தெருக்கோடி வரைக்கும் ராஜா மாதிரி நடப்பேன். அதனால் எனக்கு இரண்டு நம்பருக்கு முன்பே எழுந்து, மருந்துக்கடைப் பக்கம் பார்ப்பதுபோல் அந்த ஐந்து அடியை ஓரமாகச் செலவழித்துவிட்டு, நடந்தபடியே டாக்டர் அறைக்குள் போய்விடுவேன். உள்ளே போனால் உட்கார மாட்டேன். "உக்காருங்க சார்" என்பார் டாக்டர் ஜோயல். "பரவால்ல டாக்டர், இவ்வளவு நேரம் உக்காந்துதான இருந்தேன்" என்பேன். அவர் சிரிப்பார். மாத்திரை ஒன்று, இந்த நடை ஒன்று, இரண்டும் சேர்ந்தால் பயலுக்கு ஒன்றும் தெரியாது. பயல் என்று சொல்லக் கூடாது, எட்டு வருஷத்துக்கு முன்னால் என்னை அறுத்துத் தைத்து எழுப்பி நடக்கவிட்டவர். இருந்தாலும் தெரியவில்லையே. இரண்டு வருஷமாகத் தெரியவில்லையே. வருஷா வருஷம் படத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு "அருமையா இருக்கு சார், அடுத்த வருஷம் வாங்க" என்கிறாரே, அது என்ன அருமை?

நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு எடை மெஷின் இருக்கிறது. வந்ததும் அதில் ஏறச் சொன்னார்கள், எழுபத்து மூன்று காட்டியது. வீட்டில் எழுபத்தொன்று. இரண்டு கிலோ எங்கிருந்து வந்தது? இறங்கும்போது கண் தானாகப் பக்கவாட்டில் முத்திரையைத் தேடியது. முத்திரை இருக்கிறது, போன வருஷத்தோடு முடிந்த முத்திரை. முப்பத்தோரு வருஷம் முத்திரை ஆய்வாளராக இருந்தவனுக்கு அது கண்ணில் படாமல் இருக்குமா? தென்காசி, சங்கரன்கோவில், அம்பாசமுத்திரம், கோவில்பட்டி, எத்தனை தராசு, எத்தனை எடைக்கல். தட்டுக்கு அடியில் கடைக்காரன் புளி உருண்டை ஒட்டியிருப்பான். கல்லின் அடியில் ஊற்றிய ஈயத்தைச் சுரண்டிவிட்டு அரக்கை வைத்து அடைத்திருப்பான். நான் கடைக்குள் நுழைகிறபோதே சில பேர் ஓடிவந்து தராசை ஒரு தட்டுத் தட்டுவார்கள், முள் ஒட்டிக்கொண்டிருந்தால் விடுபடட்டும் என்று. அதைப் பார்த்ததும் தெரிந்துவிடும், இவனிடம் சரக்கு இருக்கிறது. நான் எதையும் கேட்க மாட்டேன். என்ன தேடி வந்தேன் என்று சொல்லவே மாட்டேன். சொன்னால் அதை மட்டும் சரி பண்ணிக் காட்டிவிடுவான். பேசாமல் நின்றால் பொய் தானாக வெளியே வரும், இது என் வழக்கம். கள்ளக் கல்லை எடுத்து மேஜைமேல் வைத்தால் எல்லாரும் ஒரே வசனம்தான் சொல்வார்கள். "அது பழசு சார். தூரப் போட வச்சிருந்தது." முப்பத்தோரு வருஷத்தில் ஒருத்தன்கூட வேறு மாதிரி சொன்னதில்லை. பழசென்றால் ஏன் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டால் தலையைச் சொறிவான்.

பலகை இன்னும் பதினாறிலேயே நிற்கிறது. மெஷின் கெட்டிருக்கும். பக்கத்து நாற்காலிக்காரர் என்னைப் பார்க்கிறார், பேச ஆள் கிடைக்காதா என்கிற பார்வை. கையில் புது வாக்கர், காலில் புதுத் துணிச்செருப்பு. "எனக்குப் பதினெட்டு. உங்களுக்கு?" என்றார். சொன்னேன். வள்ளியூராம், இடுப்பு மூட்டு மாற்றி இரண்டு மாசம் ஆகிறதாம், இனிமேல் கவலையே இல்லையாம். "உங்களுக்கு எப்ப சார் மாத்துனது?" என்றார். "மொதல்ல பதினஞ்சு வருஷத்துக்கு முன்னால. அது கழண்டு போச்சு. பெறவு எட்டு வருஷத்துக்கு முன்னால ரெண்டாந்தடவ" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. "கழலுமா சார் இது?" என்றார் மெதுவாக, தன் இடுப்பைத் தானே கையால் மூடிக்கொண்டு. "எல்லாருக்கும் கழலாது. உங்களுக்கெல்லாம் கழலாது" என்றேன். எதை வைத்துச் சொன்னேன்? எனக்கு மட்டும் ஏன் கழன்றது? அவர் நம்பினாரா என்று தெரியவில்லை, வாக்கரின் பிடியைத் தடவிக்கொண்டே இருக்கிறார்.

முதல் மூட்டு வைத்தவர் வேறொரு ஊரில் வேறொரு டாக்டர், அவர் பேர் எனக்கு நினைக்கவே பிடிக்காது. ஐந்தாவது வருஷம் வலிக்கிறது என்று போனேன். படத்தைப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். ஆறு மாசம் கழித்துப் போனேன். மறுபடி போனேன். மூன்றாவது தடவை மங்கையைப் பார்த்து, "சாருக்கு ரிட்டயர் ஆனதுல இருந்து வேற யோசனை இல்ல, அதான் வலிய நெனச்சுக்கிட்டே இருக்காரு" என்றார். நான் அங்கேயே இருக்கிறேன், என்னிடம் சொல்லவில்லை, அவளிடம் சொல்கிறார். அவளும் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் மறக்கவில்லை. இரண்டு வருஷம் மனசுதான் மனசுதான் என்று நடந்தேன், கடைசியில் பார்த்தால் தொடை எலும்புக்குள் இறக்கியிருந்த உலோகத் தண்டு சொத்தைப்பல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது, சுற்றியிருந்த எலும்பை அதுவே அரைத்துத் தின்றிருந்தது. டாக்டர் ஜோயல்தான் கண்டுபிடித்தார். அப்போதே அவர் சொன்னார், முதல் மூட்டு மாதிரி இல்லை இது, எலும்பு குறைந்துபோன இடத்தில் நீளத் தண்டு வைக்கிறோம், வருஷா வருஷம் படம் பார்க்க வேண்டும், சின்ன வலி என்றாலும் சொல்ல வேண்டும் என்று. சொல்ல வேண்டுமாம். வாயால் சொல்லி ஒரு தடவை பைத்தியக்காரப் பட்டம் வாங்கியாயிற்று. அதனால்தான் இந்தத் தடவை தீர்மானம் பண்ணினேன், சொல்வதில்லை. டாக்டர் என்றால் அவரே கண்டுபிடிக்கட்டும். நான் வாயைத் திறக்காமல் நிற்கிறேன், அவருடைய தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்போம். இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று, அவருக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. இரண்டில் எது மோசம் என்று எனக்கே இன்னும் முடிவாகவில்லை.

எக்ஸ்ரே அறையில் அந்தப் பெண் என் பேரை இரண்டு தடவை கேட்டாள். கோமதிநாயகம் என்றேன். திரும்பவும் கேட்டாள். ஒரு தடவை சொன்னால் போதாதா, இன்னொரு கோமதிநாயகம் இன்றைக்கு வந்திருக்கிறானோ, அவன் படத்தை என் உறையில் போட்டுவிடப் போகிறாளோ? மேஜையில் ஏறிப் படுக்கும்போது பல்லைக் கடித்தேன், அவள் பார்த்திருப்பாள். படம் எடுத்து முடித்ததும் கண்ணாடிக்குப் பின்னால் யாரிடமோ ஏதோ சொன்னாள், பிறகு "இன்னொரு தடவ எடுத்துக்குறேன் சார், ஆடிருச்சு" என்றாள். நான் ஆடவில்லை. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் ஒரே படம்தான். இந்த வருஷம் ஏன் இரண்டு? அதற்குப் பிறகு சிஸ்டர் பிரிசில்லா வழக்கமான தாளோடு வந்தாள். மாற்று மூட்டு வைத்தவர்கள் நாளாக நாளாக எப்படி இருக்கிறார்கள் என்று எழுதி வைக்கிற தாள், எட்டு வருஷமாக அதே கேள்விகள். படி ஏற முடிகிறதா? கால் நகம் வெட்ட முடிகிறதா? ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார முடிகிறதா? காலுறை போட முடிகிறதா? திருநெல்வேலி வெயிலில் காலுறை போடுகிறவன் யார் என்று வருஷா வருஷம் கேட்பேன், அவளும் வருஷா வருஷம் சிரிப்பாள். கடைசிக் கேள்வி, வலி இருக்கிறதா. "இல்ல" என்றேன். அவள் பேனா ஒரு நிமிஷம் நின்றது. "நெஜமாவே இல்லயா சார்?" என்றாள். இதற்கு முன்னால் அவள் நெஜமாவே என்று கேட்டதில்லை.

மங்கை எங்கே? காபி வாங்கிவருகிறேன் என்று பத்தே காலுக்குப் போனாள். இப்போது பத்தே முக்கால். கேன்டீன் கீழ்த்தளத்தில், லிஃப்டில் போய்வர ஐந்து நிமிஷம், வரிசை நின்றால் இன்னொரு ஐந்து. நான் எக்ஸ்ரே முடிந்து வந்து உட்கார்ந்ததும் "நீங்க இங்கனயே இருங்க, எந்திரிக்காதீங்க, காப்பி வாங்கிட்டு வாரேன்" என்றாள். எழுந்திருக்காதீர்கள் என்று ஏன் சொல்ல வேண்டும்? கையில் பெரிய பை. காபி வாங்க எதற்குப் பை? அப்போது நடுவில் ஒரு ஸ்ட்ரெச்சர் போனது, கூட நாலைந்து பேர், அவள் எந்தப் பக்கம் திரும்பினாள் என்று பார்க்க முடியவில்லை. ஒன்பதாம் அறை வாசலில் செருப்புகளைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள், வெளியே விடவும் என்று பலகையில் எழுதியிருக்கிறது. சும்மா அதைப் பார்த்தேன். ஒரு ஆண் செருப்பு, ஒரு குழந்தைச் செருப்பு, அதற்குப் பக்கத்தில் அரக்குக் கலரில் ஒரு ஜோடி. இடது செருப்பில் பெருவிரல் வளையத்தைக் கறுப்பு நூலால் தைத்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கம் தைக்கக் கொடுத்தபோது நான்தான் கூட நின்றேன், அரக்கு நூல் இல்லை என்று கறுப்பில் தைத்தான், அவள் இரண்டு நாள் அதற்காக முணுமுணுத்தாள். மங்கையின் செருப்பு. மங்கை உள்ளே இருக்கிறாள்.

அதனால்தான் பலகை பதினாறிலேயே நிற்கிறது. சரி, நிதானமாக யோசிப்போம். அவளாகப் போனாளா, கூப்பிட்டார்களா? கூப்பிட்டிருப்பார்கள். எக்ஸ்ரேக்காரி இரண்டாவது படம் எடுத்தாள், டாக்டருக்குப் போன் போட்டாள், டாக்டர் சிஸ்டரிடம், அவரோட வீட்டம்மாவை மட்டும் தனியாக வரச் சொல்லுங்கள் என்றார். நம் ஊரில் அப்படித்தானே. நல்ல சேதி என்றால் நோயாளியிடம் சொல்வார்கள், கெட்ட சேதி என்றால் கூட வந்தவர்களிடம் சொல்வார்கள். எனக்குத் தெரியாததா? எங்கள் அண்ணன் சோமுவுக்கு வயிற்றில் கட்டி என்று டாக்டர் என்னைத்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், மூன்று மாசம் என்றார். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு அண்ணன் கட்டிலுக்குப் போனேன். "என்ன சொன்னாருல?" என்றான். "ஒண்ணும் இல்லண்ணே, வாய்வுதான்" என்றேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு "சரி, அப்ப பெருங்காயம் போட்டு மோர் குடுக்கச் சொல்லு" என்றான். அவனுக்குத் தெரிந்திருக்குமோ? எனக்காக நடித்தானோ? மூன்று மாசமும் மோர் குடித்தான். இப்போது மங்கை அந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவாள், முகம் கழுவியிருப்பாள், ஒண்ணும் இல்லங்க என்பாள். அந்த முகத்தை நான் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவேன், ஏனென்றால் அதே முகத்தை நான் போட்டிருக்கிறேன்.

தண்டு மறுபடி கழன்றிருக்கிறது, அதுதான். வேறு என்னவாக இருக்கும்? மூன்றாவது தடவை. இரண்டாவது தடவையே ஐந்தரை மணி நேரம் ஆனது. பழைய தண்டு வர மாட்டேன் என்றதால் தொடை எலும்பைப் பிளந்து எடுத்து, கம்பி போட்டுக் கட்டி வைத்தார்கள், படத்தில் இன்றைக்கும் அந்தக் கம்பிகள் வளையல் போட்ட மாதிரி வரிசையாகத் தெரியும். இன்னொரு தடவை என்றால் பிடிக்க எலும்பு எங்கே இருக்கிறது? வாக்கர்தான், ஆயுசுக்கும். அல்லது அதுவும் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. யாரிடம் மறைக்க, இங்கே எனக்குள்ளே யார் இருக்கிறார்கள்? பயம். அந்த மேஜையின் குளிர், முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே நான் இல்லாமல் போவது, திரைக்கு அந்தப் பக்கம் தச்சுப்பட்டறை மாதிரி சுத்தியல் சத்தம், அது என் எலும்பு என்று தெரிந்தும் ஒன்றும் உறைக்காமல் கிடப்பது. அதைக்கூடத் தாங்கிவிடலாம். அதற்குப் பிறகு நாற்பத்திரண்டு நாள் கட்டில். மங்கை மலச்சட்டியை வைத்து எடுத்தாள். அவளுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது, முதுகு வலி அவளுக்கும் உண்டு, என் இடுப்பைத் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவாள், விடும்போது ஒரு சத்தம் வரும் அவளிடமிருந்து, முனகல்கூட இல்லை, ஒரு காற்று. ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால்கூடப் பரவாயில்லை, நான் ஒரு வார்த்தை திட்டியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். ஆபீசில் ஐயா ஐயா என்று கும்பிட வைத்தவன். இப்போது அவளுக்கு அறுபத்து நாலு. போன தைக்குத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிட்டு மூன்று நாள் படுத்தாள். மூன்றாவது ஆபரேஷன் என்றால் யார் தூக்குவார்கள்? பெங்களூரில் இருக்கிற மகள் பத்து நாள் வருவாள், போய்விடுவாள். ஆகவே வலி இல்லை. இல்லை என்றால் இல்லை. டாக்டரைச் சோதிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதெல்லாம் அதற்கு மேலே போட்ட போர்வை. எப்போது தொடங்கியது இது? சலூன் நாற்காலியிலிருந்து எழுந்தபோது. கணபதி துண்டை உதறினான், நான் எழுந்தேன், தொடைக்குள் முதல் ஆணி. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்றதும் ஒரு சந்தோஷம்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. டாக்டர் கூப்பிட்டு அனுப்பியிருந்தால் பை எதற்கு? காபிக்கும் பை வேண்டாம், டாக்டருக்கும் பை வேண்டாம். காலையில் அந்தப் பை ஆட்டோவில் அவள் மடியில் இருந்தது, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது உள்ளே ஏதோ கலகலவென்றது. சாவிக்கொத்து என்று நினைத்தேன். சாவிக்கொத்து அப்படிச் சத்தம் போடாது. தகரமும் இல்லை. காகிதமும் இல்லை. அது என்ன சத்தம்? எனக்குத் தெரிந்த சத்தம். இரண்டு வருஷமாகத் தினமும் காலையில், குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, வெளியே கேட்டுவிடக் கூடாது என்று உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நான் உண்டாக்குகிற சத்தம்.

கதவு திறந்தது. டாக்டர் ஜோயல் தானே வாசலில் வந்து நிற்கிறார், அவருக்குப் பின்னால் மங்கை. முகம் கழுவிய முகம் இல்லை. அழுத முகம். "கோமதிநாயகம் சார், வாங்க" என்றார் டாக்டர். "என் நம்பர் இருபத்து மூணு டாக்டர். இவரு பதினெட்டு, இவருக்கு அப்புறந்தான்" என்றேன். "பரவால்ல சார், நீங்க வாங்க." வள்ளியூர்க்காரர் "போங்க சார், போங்க" என்று வழி விடுகிறார். யார் கேட்டார்கள் இவரை? நாற்பது நிமிஷமாக உட்கார்ந்திருக்கிறேன். மாத்திரை இல்லை. நாற்காலியிலிருந்து கதவு வரைக்கும் எவ்வளவு தூரம்? ஆறு அடி வைக்க வேண்டும், ஏழு இருக்கலாம். டாக்டர் ஃபைலைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்க்கிறார். பேசாமல் நிற்கிறார். நான் கடை வாசலில் நிற்பேனே, அப்படி.

கைப்பிடியை ஊன்றி எழுந்தேன். முதல் அடி. ஆணி இறங்கிவிட்டது, சிரிக்க முயன்றேன். இரண்டாவது அடியில் வாய்க்குள் உப்புக் கரித்தது, உதட்டைக் கடித்திருக்கிறேன். மூன்றாவது அடிக்கு இடது கால் வரவில்லை, வலது காலிலேயே நின்றேன், சும்மா நிற்பதுபோல, எதையோ மறந்துவிட்டவன் போல. மருந்துக்கடைப் பக்கம் பார்க்கலாமா? டாக்டர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இடது காலை எடுத்து வைத்தேன். உடம்பு முழுக்க அந்தப் பக்கம் சரிந்தது, கை தானாக நீண்டது, வள்ளியூர்க்காரர் தன் வாக்கரை என் பக்கம் தள்ளிவிட்டார், அதைப் பிடித்துக்கொண்டேன். புது ரப்பர் பிடி, அவர் கைச்சூடு அதில் இருந்தது. "பாத்து சார்" என்றார். நான்காவது அடியும் ஐந்தாவது அடியும் அந்த வாக்கரில்தான் வைத்தேன்.

உள்ளே டாக்டரின் மேஜைமேல் என் பேனாப் பெட்டி திறந்திருக்கிறது, காலையில் நான் பார்த்த பிறகு அதையும் மங்கை பையில் போட்டிருக்கிறாள். ரிட்டயர்மென்டுக்கு ஆபீசில் கொடுத்த பெட்டி, நீல வெல்வெட். பக்கத்தில் மாத்திரை அட்டைகளைப் பத்துப் பத்தாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், எல்லாம் காலி, ஒன்று மட்டும் முழுசு. நான்தான் எதையும் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்தேன். குப்பைக் கூடையில் போட்டால் மங்கை பார்ப்பாள் என்று வைத்தேன். "இதெல்லாம் என்ன சார்?" என்றார் டாக்டர்.

"அது பழசு டாக்டர். தூரப் போட வச்சிருந்தது."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. என் குரலில், அதே வசனம், ஒரு எழுத்து மாறாமல். எத்தனை பேர் என் முன்னால் நின்று சொன்னார்கள். அவர்கள் முகங்கள் எனக்கு ஞாபகமில்லை, கல்லைத்தான் பார்த்திருக்கிறேன். கை தலைக்குப் போய்விட்டது, சொறிகிறேன். உட்கார்ந்தேன். அவர் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தேன்.

டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பினார். என் தொடை, என் வளையல்கள், நீளத் தண்டு. தண்டுக்கும் எலும்புக்கும் நடுவே முடி கனத்தில் ஒரு கறுப்புக் கோட்டைப் பேனா நுனியால் காட்டினார். "இது போன வருஷமே இருந்துச்சு சார்."

"எங்கிட்ட சொல்லலியே?"

"உங்களுக்குத்தான் வலியே இல்லயே. வலி இல்லாம கோடு மட்டும் இருந்தா நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருப்போம். நிறையப் பேருக்கு அப்படியே நின்னுரும். வீணா பயமுறுத்த வேண்டாம்னு விட்டேன். சொல்லியிருக்கணும், எம்மேலயும் தப்பு இருக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஆனா படம் பாதிதான் சார் சொல்லும். மீதிய நீங்கதான் சொல்லணும். கோடும் இருக்கு, எந்திரிச்சதும் வலியும் இருக்குன்னா அது வேற."

ஆக, அவர் மறைத்தார். நான் மறைத்தேன். என் சந்தேகம் சரிதான் என்று ஒரு ஓரத்தில் குதிக்கிறது மனசு, இப்போதும், வெட்கமில்லாமல். "திரும்ப அறுக்கணுமா?" என்றேன்.

"இன்னும் தெரியாது. ரத்தம் பாக்கணும், ஸ்கேன் எடுக்கணும். செய்யுறதா இருந்தா எலும்பு மிச்சம் இருக்கும்போதே செய்யணும். மாத்திரையப் போட்டுக்கிட்டு நடந்தா ஒருநாள் எலும்பு முறிஞ்சுதான் இங்க வருவீங்க."

நான் மங்கையைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், "மறுபடியும் நாப்பத்திரண்டு நாளு. அவளுக்கு முதுகு முடியாது டாக்டர்."

"என் முதுகுக்காகவா இவ்வளவும்?" என்றாள் மங்கை. பின்னாலிருந்து, கோபமாக. எனக்கு இந்தக் கோபம் புதுசு. "நீங்க குளியலறைல விழுந்து ஒடிச்சுக்கிட்டு கெடந்தா அப்ப யாரு தூக்குவா? அதுக்கும் நாந்தான. சொன்னா ஆள் வச்சுக்கிடலாம், மகள வரச் சொல்லலாம், என்னமும் செய்யலாம். சொல்லாம இருந்தா நான் என்ன செய்ய? அந்த டாக்டர்ட்ட அன்னைக்கி தலைய ஆட்டுனேன்லா, அதுக்கு இன்னும் என்னயப் போட்டு வதைக்கியளா?"

அவளுக்கும் அந்தத் தலையாட்டல் ஞாபகம் இருக்கிறது. நான் அதை ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை.

டாக்டர் சிஸ்டரிடமிருந்து அந்தத் தாளை வாங்கி, கடைசிக் கேள்வியில் இருந்த "இல்லை"யை அடித்தார். "எங்க வலிக்குது, காட்டுங்க" என்றார். வேட்டிக்கு மேலாக, முட்டிக்கு ஒரு சாண் மேலே விரலை வைத்தேன். இங்கே. "எத்தன நாளா?"

"ரெண்டு வருஷமா."

"மூணு" என்றாள் மங்கை. "மூணு வருஷம் ஆச்சு. சிவராத்திரிக்கு மொத நாளு, முடிவெட்டிட்டு வந்தாங்க. அன்னைல இருந்து எந்திரிக்கும்போதெல்லாம் பல்லக் கடிக்காங்க. மொத வருஷம் மாத்திர கெடயாது, சும்மாவே கடிச்சுக்கிட்டு நடந்தாங்க."

டாக்டர் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார், யார் சொல்வதை எழுத என்பதுபோல. நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணபதியின் சலூன், கண்ணாடி, துண்டு, மறுநாள் கோவிலில் கூட்டம். அவள் சொன்னதுதான் சரி.

"மூணுன்னு எழுதிக்கோங்க டாக்டர்" என்றேன்.